கல்லு அணையும் முன்: மதுரையில் அறை எடுத்துத் தங்குவோருக்கு ராத்திரிச் சாப்பாடு

பரவை அதிசயம் பூங்காவில் பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்த பிள்ளைகள், திரும்பி வரும் வண்டியிலேயே தூங்கிவிடுவார்கள். அறைக்கு வந்து எழுப்பி உட்கார வைத்தாலும் ரெண்டு வாய்க்கு மேல் இறங்காது. அப்படியே படுக்கப் போட்டுவிட்டுப் பெரியவர்களும் கண்ணயர்ந்தால், ராத்திரி 11.15க்கு எழுந்து உட்கார்ந்து "பசிக்குதும்மா" என்பார்கள். கீழே ரிசப்ஷனுக்குப் போன் போட்டால், "கிச்சன் மூடியாச்சு சார், பிரெட் ஆம்லெட் வேணா கேட்டுப் பார்க்குறேன்" என்று பதில் வரும். பள்ளியறை பூஜை பார்த்துவிட்டு வருகிறவர்கள், வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியைத் தவறவிட்டவர்கள், எல்லாருக்கும் இதே பாடுதான்.

தூங்கா நகரம் என்ற பேர் பொய்யில்லை. ஆனால் எல்லா அடுப்பும் விடிய விடிய எரியும் என்று நினைத்துக் கிளம்பினால் ஏமாற வேண்டிவரும். ஒரு தெருவில் அணையும்போது இன்னொரு தெருவில் பற்றும். அதனால் ராத்திரியில் மெனு அட்டையைப் பார்த்து ஆர்டர் கொடுப்பது வீண் வேலை. இப்போது எந்த அடுப்பு எரிகிறது, கல்லில் என்ன கிடக்கிறது என்று பார்த்துக் கேட்பவருக்குத்தான் நல்ல சாப்பாடு கிடைக்கும்.

சாவி வாங்கும்போதே கேட்க வேண்டியவை

"கிச்சன் எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்காதீர்கள். "கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்று கேளுங்கள். 11 மணி வரை என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலும் 10.30க்கே ஆர்டர் நின்றுவிடும். அதன்பிறகு கல்லைச் சுரண்டி, மேடையைக் கழுவி, காஸ் வால்வை அடைக்கும் வேலை. கடைசி நிமிஷத்தில் போகும் ஆர்டர் மாஸ்டரின் முகத்தில் மட்டுமல்ல, தட்டிலும் தெரியும். சொன்ன நேரத்துக்கு ஒரு கால் மணி நேரம் முந்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஷட்டர். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு, மேலமாசி வீதிப் பக்கத்துச் சின்ன லாட்ஜுகளில் 11, 11.30க்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாட்ச்மேன் உள்ளே படுத்துவிடுவார். வெளியே போகும் முன் அவரிடம் "அண்ணே, ஒரு மணி நேரத்துல வந்துருவோம்" என்று சொல்லி, ரிசப்ஷன் நம்பரை வாங்கிக்கொண்டு போங்கள். திரும்பி வந்து ஷட்டரைத் தட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் கையில் உள்ள பார்சல் ஆறிப்போகும்.

வெளிச் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவரலாமா, தட்டு தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். பெரிய ஓட்டல்களில் சிலர் மறுப்பார்கள், சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள். கேட்டு வைத்தால் ராத்திரி லிப்ட் முன்னால் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை.

கைக்குழந்தை இருந்தால் பால் தனிக் கணக்கு. 10 மணிக்குள் பால் கேட்டு வாங்கிவிடுங்கள். பிளாஸ்கில் ஊற்றி வைப்பதாக இருந்தால் முதலில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி 5 நிமிஷம் மூடி வைத்து, கொட்டிவிட்டுப் பிறகு கொதித்த பாலை ஊற்ற வேண்டும். அப்படியே குளிர்ந்த பிளாஸ்கில் ஊற்றினால் பால் வெதுவெதுப்பாகி, அந்தச் சூட்டிலேயே கெட்டுப்போகும். எப்படி ஊற்றினாலும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். விடிகாலை வரைக்கும் வேண்டுமென்றால் பிளாஸ்கில் வெந்நீர் மட்டும் வைத்துக்கொண்டு, பால் பவுடரை அவ்வப்போது கலப்பதுதான் பத்திரம்.

ஓட்டல் கிச்சன் மூடும் வரிசை

கிச்சன் ஒரே அடியாக மூடுவதில்லை. முதலில் போவது தந்தூர் அடுப்பு. அது சூடேற முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் அணைத்தபின் ஒரு நானுக்காக யாரும் திரும்ப மூட்ட மாட்டார்கள். 10 மணிக்கு மேல் நான், ரொட்டி, தந்தூரிக் கோழி கேட்டு வாங்கினால், முன்பே சுட்டு வைத்ததைச் சூடு காட்டித் தருவார்கள், தோல் மாதிரி இழுக்கும். அதற்குப் பின் தோசைக்கல் அணையும். கடைசி வரைக்கும் எரிவது சைனீஸ் அடுப்பு. காரணம் சாதாரணமானது: அதில் ஒரு பிளேட் போட 6, 7 நிமிஷம் போதும்.

ஆகவே 10.20க்குப் போன் செய்பவர் கேட்க வேண்டிய கேள்வி, "தோசைக்கல் இன்னும் சூடா இருக்கா?" ஆமாம் என்றால் தோசை, ஊத்தப்பம், ஆம்லெட். இல்லையென்றால் நூடுல்ஸ். பிரைடு ரைஸைவிட நூடுல்ஸ் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரைடு ரைஸ் உதிரியாக வர வேண்டுமென்பதற்காக மத்தியானமே சோறு வடித்து ஆற வைப்பார்கள். அது பிரிட்ஜில் இருந்தால் பரவாயில்லை. மதுரை வெயிலில் மேடை மேலேயே கிடந்தால், சோற்றில் பிழைத்துக் கிடக்கும் ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சை விட்டுவிடும். திரும்ப எவ்வளவு சூடு காட்டினாலும் அந்த நஞ்சு போகாது. ரெண்டு மூணு மணி நேரத்தில் வாந்தி வந்தால் பல நேரம் இதுதான் காரணம், பாவம் கோழிமேல் பழி விழும்.

"24 மணி நேர ரூம் சர்வீஸ்" என்று பலகை மாட்டிய இடத்திலும் 11க்குப் பிறகு வருவது நைட் மெனு: சாண்ட்விச், பிரெட் ஆம்லெட், நூடுல்ஸ், டீ, காபி. அந்த நேரத்தில் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள். நாலு பேர் நாலு விதமாகக் கேட்டால் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, முதலில் போட்டது ஆறிய பிறகு எல்லாம் சேர்ந்து வரும். நாலு பேரும் ஒரே பொருளைக் கேட்டால் பாதி நேரத்தில் சூடாக வந்து சேரும். இந்த ஒரு விஷயத்தில் வீட்டு ஜனநாயகத்தைத் தள்ளி வைக்கலாம்.

பில்லில் பார்க்க வேண்டியவை இரண்டு. சாதாரண ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஓட்டல்களின் ரெஸ்டாரண்டில் 18 சதவீதம் வரும். அங்கே 300 ரூபாய்ச் சாப்பாடு 354 ஆகும். இதில் வாதாட ஒன்றுமில்லை. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் கதை வேறு: அது கட்டாயம் இல்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பசுமலை, அழகர்கோவில் ரோடு, ரிங் ரோடுப் பக்கம் ரிசார்ட் எடுத்தவர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் கடை கிடைப்பது அரிது. ஊருக்குள்ளிருந்து திரும்பும்போதே, 9 மணி வாக்கில், பொட்டலம் வாங்கிவிடுவதுதான் வழி. எண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி, புளியோதரை, சப்பாத்தி ஆகியவை மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். தோசை அரை மணியில் ரப்பர். தேங்காய்ச் சட்னியை அந்தப் பொட்டலத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

வெளியே, மணி பார்த்து

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. ராத்திரி பூஜை முடிந்து 9.30, 10 வாக்கில் கூட்டம் ஒன்றாக வெளியே வரும். 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கொண்டுபோகத் தடை. நீங்கள் எந்தக் கோபுர வாசலில் போனையும் செருப்பையும் கொடுத்தீர்களோ, அங்கேதான் திரும்ப வாங்க வேண்டும். கிழக்கே கொடுத்துவிட்டு மேற்கே வெளியேறினால் வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்ற வேண்டும். இதிலேயே 20 நிமிஷம் போகும். மேலமாசி வீதி, டவுன் ஹால் ரோட்டுச் சைவ ஓட்டல்கள் அடைக்கும் நேரமும் அதுதான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பூஜைக்கு முன்னால், 8 மணிக்குள் சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம்.

10 மணிக்கு டாஸ்மாக் அடைக்கும். அங்கிருந்து கிளம்புகிற கூட்டம் அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்துப் பரோட்டாக் கடைகளில் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் 10க்கு முன்போ 11.15க்குப் பின்போ போவது நல்லது. இல்லையென்றால் ஒயின்ஷாப்பிலிருந்து ரெண்டு தெரு தள்ளியிருக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள்.

11லிருந்து 1 வரை அசைவத்தின் நேரம். சிம்மக்கல், நெல்பேட்டை, தெற்குவாசல், கோரிப்பாளையம் என்று தேடிப் போக வேண்டியிருக்கும். ஜங்ஷன் பக்கத்திலிருந்து சிம்மக்கல்லுக்கு ஆட்டோவில் 10 நிமிஷம்கூட ஆகாது. ஏறும் முன் போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பேசி, "அரை மணி நிக்கணும்ணே" என்று சொல்லிவிடுங்கள். போக மட்டும் பேசினால் திரும்பும்போது அவர் சொன்னதுதான் விலை.

பெரிய கடைகள் திறந்திருப்பதற்கும் தள்ளுவண்டிகள் திடீரென்று மறைவதற்கும் சட்டம்தான் காரணம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019இல் அனுமதித்தது, பிறகு அதை நீட்டித்தது. மூன்று பேர் நிற்கும் வண்டிக்கடை அதில் அடங்காது. ரோந்து ஜீப் வந்து "மூடுங்கப்பா" என்றால் மூட வேண்டியதுதான். ஆகவே 11.30க்கு மேல் ஒரு குறிப்பிட்ட வண்டிக்கடையை நம்பிப் போகாதீர்கள். போகிற வழியில் இன்னொன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1 மணிக்கு மேல் மாட்டுத்தாவணியை விட்டால் வேறு கதி கம்மி. பஸ் நிலையத்தைச் சுற்றி ராத்திரி முழுக்க டீ, இட்லி, பரோட்டா ஓடும். பஸ் நிலையக் கடைகளில் ருசியைத் தேடக் கூடாது. ஆள் வந்துபோகிற வேகத்தில் எதுவும் தேங்கிக் கிடக்காது என்பது அதன் பலம். பின்னிரவில் பக்கத்துப் பூ மார்க்கெட்டுக்குச் சரக்கு இறங்கத் தொடங்கிவிடும். சுமை தூக்குகிறவர்களுக்காகவே டீக்கடைகள் புதுப் பாலைக் காய்ச்சுவார்கள். ராத்திரி 2 மணிக்குக் குடிக்கும் டீயைவிட 3.30 டீ பல மடங்கு நன்றாக இருப்பதற்குக் காரணம் அந்தப் புதுப் பால்தான்.

பரோட்டாக் கடையில்

கடைக்குள் நுழைந்ததும் உட்காராதீர்கள். கல்லுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மாஸ்டர் உருண்டையை வீசிச் சுருட்டிக்கொண்டிருக்கிறாரா, இல்லை அரைவேக்காட்டில் அடுக்கி வைத்த பரோட்டாவை எடுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள். கூட்ட நேரத்துக்காக முன்பே முக்கால் பாகம் சுட்டு அடுக்குவது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம், தப்பில்லை. ஆனால் 12 மணிக்கு மேல் அந்த அடுக்கு மூன்று நான்கு மணி நேரம் பழசாக இருக்கும். புதுசாகச் சுட்டதை மாஸ்டர் நாலைந்தாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிக்கும்போது அடுக்கடுக்காகப் பிரிந்து நடுவிலிருந்து ஆவி வரும். பழசு அடித்தாலும் பிரியாது, ஓரம் வெடிக்கும்.

அடுக்கில் பழசு மட்டும்தான் மிச்சம் என்றால் அதற்கும் ஒரு மருந்து உண்டு: கொத்து பரோட்டா. காய்ந்த பரோட்டாவில்தான் கொத்து நன்றாக வரும். புதுசு போட்டால் கொத்தும்போது மாவாகக் குழைந்துவிடும். ஒரு பிளேட்டுக்கு ரெண்டு பரோட்டா, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வெங்காயம், அரைத் தக்காளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அரைக் கரண்டி சால்னா, கடைசியில் மிளகு. வெங்காயம் வதங்கி, முட்டை பாதி வெந்ததும் பரோட்டா விழ வேண்டும். அதன்பின் மூணு நிமிஷக் கொத்து. கெட்டுப்போவது சால்னாவில்தான். அவசரத்தில் ஒரு முழுக் கரண்டி ஊற்றிவிட்டால் களி. "அண்ணே, சால்னா கம்மியா, நல்லா முறுகலா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொத்துகிற சத்தம் டக் டக்கென்று காய்ந்து கேட்டால் சரியாகப் போகிறது. சொத சொதவென்று கேட்டால் ஈரம் அதிகம்.

சால்னாவைப் பொறுத்தவரை ஒரே ஒரு சோதனை. வாளியில் இருப்பதைத் தொடாதீர்கள், அடுப்பில் கொப்பளிக்கிற குண்டானிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். இந்த மாதிரிக் குழம்பு 60 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழ் குளிரில் இருக்க வேண்டும். நடுவில் கிடந்தால் ரெண்டு மணி நேரத்துக்குமேல் நம்பக் கூடாது. சப்ளையர் கையில் ஊர்வலம் போகும் வாளி அந்த நடுச் சூட்டில்தான் இருக்கிறது. சைவக்காரர்கள் "வெறும் சால்னா" என்று கேட்டு ஏமாற வேண்டாம். வெறும் சால்னா என்றால் துண்டு இல்லாத சால்னா, கறி வெந்த சாறு அதில் இருக்கும். "சைவச் சால்னா தனியா வச்சிருக்கீங்களா?" என்பதுதான் கேள்வி. இருந்தாலும் கல்லும் கரண்டியும் ஒன்றுதான் என்பதை ஏற்றுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

கறி தோசை மதுரையின் ராத்திரிப் பலகாரம். சிம்மக்கல் கோனார் கடையால் ஊர் முழுக்கப் பேர் வாங்கியது. அடியில் ஊத்தப்பம் மாதிரி தடித்த தோசை, அதன்மேல் ஒரு முட்டை, முட்டை உறையும் முன் வெந்த கொத்துக்கறி மசாலா, சுற்றிலும் எண்ணெய், பிறகு திருப்பிப் போட்டு அழுத்தம். ஒன்றுக்கு 7, 8 நிமிஷம் பிடிக்கும். ஒரே நேரத்தில் நாலு ஆர்டர் கொடுத்தால் கல்லின் நடுவில் இருப்பது கருகி, ஓரத்தில் இருப்பது முட்டை வேகாமல் வரும். ரெண்டு சொல்லுங்கள். வந்ததும் நாலாகப் பிய்த்துப் பங்கு போடுங்கள். அதற்குள் அடுத்த ரெண்டு வந்துவிடும். ஆளுக்கு ஒன்று என்று ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முக்காலில் நின்றுவிடுவார்கள், அவ்வளவு கனம்.

அளவுக்கு ஒரு மாதிரி: ரெண்டு பெரியவர், ரெண்டு பிள்ளைகள் என்றால் 6 பரோட்டா, ஒரு கொத்து, ஒரு கறி தோசை, ஒரு சுக்கா போதும். சால்னாவுக்குக் காசில்லை. சுக்கா, குடல், ஈரல், மூளை ஆகிய தொடுகறிகளில்தான் பில் ஏறும். விலைப் பலகை இல்லாத இடத்தில் தொடுகறியின் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். குடலும் மூளையும் 11.30க்குள் சாப்பிட வேண்டியவை. அதன்பிறகு மிச்சம் இருக்கிறது என்றால் ஏன் மிச்சம் இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு

பாதித் தூக்கத்தில் எழுந்த பிள்ளைக்குப் பரோட்டா வேண்டாம், மெல்லவே முடியாது. இட்லிதான். தெருவோர இட்லிக் கடையில் "இட்லி இருக்கா?" என்று கேட்டால் இருக்கு என்பார்கள், ஹாட்பாக்ஸில் இருப்பதைத் தருவார்கள். "அக்கா, அடுத்த ஈடு எப்ப இறங்கும்?" என்று கேளுங்கள். ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். காத்திருந்து, துணியிலிருந்து உரித்துப் போடுவதை வாங்குங்கள். சித்திரை, வைகாசியில் காலையில் ஆட்டிய மாவு ராத்திரி 11க்குள் நன்றாகப் புளித்துவிடும். இட்லி தட்டையாக, லேசாகப் பழுப்படித்து வந்தால் அது புளித்த மாவு. அப்போது அதே மாவில் தோசை கேளுங்கள். புளிப்பு மாவு தோசைக்கு முறுகலைக் கொடுக்கும், பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியைத் தள்ளிவிடுங்கள். சாயங்காலம் அரைத்தது ராத்திரிக்குள் நுரை கட்டும். தண்ணிச் சட்னி என்றால் இன்னும் சீக்கிரம். காரச் சட்னி, பொடி, கொதிக்கிற சாம்பார் இவை தாங்கும். பிள்ளைக்குச் சீனி தொட்டுக் கொடுத்தாலும் குற்றமில்லை.

இட்லியும் கிடைக்காத நேரத்தில் பால் கடை. பெரிய இரும்புச் சட்டியில் சாயங்காலத்திலிருந்து சுண்டிக்கொண்டே இருக்கும் பால் 11 மணிக்குத்தான் சரியான பதத்துக்கு வரும். "ஆடையோடவா, ஆடை இல்லாமலா?" என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்கு ஆடை இல்லாமல், ரெண்டு பன்னோடு. இதைவிட வயிற்றுக்குப் பத்திரமான ராத்திரிச் சாப்பாடு இந்த ஊரில் இல்லை.

பருத்திப் பாலும் அதே வகைதான். ஊற வைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலம், தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவது. கரண்டியிலிருந்து கூழ் மாதிரி கனமாக விழ வேண்டும். தண்ணியாக விழுந்தால் கடைசி மிச்சத்தில் வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள். ஜிகர்தண்டா குடிக்க ஆசை இருந்தால் 10 மணிக்குள் விளக்குத்தூண் பக்கம் போய்விடுங்கள். நள்ளிரவில் அது வேண்டாம். பால், ஐஸ்கிரீம், பாதாம் பிசின் எல்லாம் குளிரில் இருக்க வேண்டியவை. வண்டியில் ஐஸ் உருகிய பிறகு மிச்சமிருப்பதைக் குடிப்பதில் அர்த்தமில்லை.

ராத்திரியில் தவிர்க்க வேண்டியது ஒன்று

ஷவர்மா. சாயங்காலம் 6க்குக் குத்தி வைத்த கறித்தூண் 11 மணிக்குத் தேய்ந்துபோன மரக்கட்டை மாதிரி நிற்கும். ஆள் வராத நேரத்தில் காஸை மிச்சப்படுத்த அடுப்பைக் குறைப்பார்கள். வெளிப்பக்கம் ஆறும், உட்பக்கம் வேகாமல் வெதுவெதுப்பாகக் கிடக்கும். கிருமிக்கு அது கல்யாண மண்டபம். அதோடு வரும் மயோனைஸ் இன்னொரு தொல்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது சும்மா இல்லை. கிரில் கோழி வாங்குவதாக இருந்தால் கம்பியில் சுற்றிக்கொண்டிருப்பதை வாங்கலாம், கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்திருப்பதை வேண்டாம் என்று விடுங்கள்.

பார்சல்

போன் ஆப்பில் 11.30க்குக் கடை திறந்திருப்பதாகக் காட்டும், கொண்டுவர ஆள் கிடைக்காது. காசு கட்டும் முன் எத்தனை நிமிஷம் காட்டுகிறது என்று பாருங்கள், 50க்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். முகவரியில் லாட்ஜ் பேரோடு "எந்த வீதி, எந்தக் கடைக்கு எதிரே" என்று எழுதுங்கள். மாசி வீதி என்று மட்டும் எழுதினால் நாலு மாசி வீதியில் எது என்று தேடுவார். ஷட்டர் இறங்கியிருந்தால் நீங்களே கீழே போய் நிற்க வேண்டும்.

நேரில் வாங்கும்போது பரோட்டாவையும் சால்னாவையும் தனித்தனியாகக் கேளுங்கள். சூடான சால்னாவை பிளாஸ்டிக் பையில் கட்டுவது 2019 ஜனவரி 1 முதல் தடை. இருந்தும் ராத்திரியில் கட்டிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையோடு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொண்டுபோனால் அந்தத் தொல்லையே இல்லை, ஒரு கரண்டி கூடவும் விழும். சுட்ட பரோட்டாவை உடனே இறுக்கிக் கட்டினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். இலையில் வைத்து, பேப்பரை மூடாமல் ரெண்டு நிமிஷம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். மாஸ்டர் முறைப்பார், பரவாயில்லை.

ஒன்றுமே கிடைக்காவிட்டால், கெட்டிலும் அவலும்

பெட்டியில் கால் கிலோ மெல்லிய அவல், ஒரு சின்ன டப்பா பருப்புப் பொடி, 50 மில்லி நல்லெண்ணெய் பாட்டில் வைத்திருந்தால் எந்த ஷட்டரைப் பற்றியும் கவலையில்லை. ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர் அவல். அதை ஒருமுறை தண்ணீரில் அலசி உடனே வடித்துவிடுங்கள். கெட்டிலில் கொதித்த தண்ணீரில் அரை டம்ளர், ஒரு சிட்டிகை உப்போடு மேலாகத் தெளித்து, தட்டால் மூடி 5 நிமிஷம் விடுங்கள். தண்ணீரை முழுக்க ஊற்றினால் கூழாகிவிடும், தெளிக்கத்தான் வேண்டும். ரெண்டு ஸ்பூன் பொடி, ஒரு ஸ்பூன் எண்ணெய், பிசறினால் முடிந்தது. கெட்டி அவலாக இருந்தால் முக்கால் டம்ளர் தண்ணீரும் 12 நிமிஷமும் வேண்டும். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல் கொண்டுவந்திருந்தால் பொடிக்குப் பதில் அதில் ஒரு ஸ்பூன். பிள்ளைக்கு வெல்லமும் தேங்காயும்.

கெட்டிலில் பால் காய்ச்ச வேண்டாம். அடியில் பிடித்துக் கருகும், பொங்கி ஸ்விட்சுக்குள் இறங்கும், அடுத்து யார் வெந்நீர் போட்டாலும் அந்த வாடை வரும். உங்களுக்கு முன்னால் தங்கியவர் இதைச் செய்திருக்கலாம் என்பதால், முதல் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

எதிர்சேவை இரவு மட்டும்

அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி, அவரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று, மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் ஆட்டோ நுழையாது, ஆப்பில் ஆர்டர் வராது, லாட்ஜ் கிச்சன் கூட்டத்தில் திணறும். ஆனால் தெருவெங்கும் பந்தல்: நீர்மோர், பானகம், புளியோதரை, தக்காளிச் சோறு, விடிய விடிய. காசு கொடுத்துத் தேட வேண்டியதே இல்லை. அண்டாவிலிருந்து ஆவி பறக்க அள்ளுகிற பந்தலில் வரிசையில் நில்லுங்கள், தொன்னையில் ஆறிக் கிடப்பதை எடுக்காதீர்கள். மோருக்கு ஐஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியாத இடத்தில் பானகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிலும் ஐஸ் மிதக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை 8 மணிக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நள்ளிரவுக்கு மேல் பந்தல் சோறு எங்கும் கிடைக்கும், பாட்டில் தண்ணீர்தான் கிடைக்காது.